பேய்க்கு எத்தனை வயது?

1951 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜூபிடர் நிறுவனத்தார் 'மர்மயோகி' என்றொரு படத்தை நாட்டுக்கு அளித்தனர். கதை உரையாடல் ஏ. எஸ். ஏ. சாமி, இயக்கம் கே. ராம்நாத், கரிகாலன் எனும் வீரனாக வாள் சுழற்றியவர் எம். ஜி. இராமச்சந்திரன். வாட்போர் உண்டு, குதிரைப் பாய்ச்சல் உண்டு, கொடுங்கோலுக்கு எதிராகக் கொதித்தெழும் இளைஞன் உண்டு. சிறுவர் கூட்டம் கொட்டகைக்கு ஓடிவர வேண்டியதெல்லாம் அதில் உண்டு. ஆனால், சிறுவர் அதைப் பார்க்கலாகாது என்று தணிக்கையாளர் தீர்ப்பளித்தனர்! 'ஏ' முத்திரை. வயது வந்தோர்க்கு மட்டும். அந்த முத்திரை குத்தப்பட்ட முதல் தமிழ்ப்படம் அதுவே என்று திரைப்பட வரலாறு எழுதுவோர் குறிக்கின்றனர்.

செய்த குற்றம் யாது? ஆபாசமா? அன்று. குருதி கொட்டும் கொடுமையா? அதுவுமன்று. பேய்! படத்தில் ஓர் ஆவி உலவுகிறது. அது சிறுவரை அச்சுறுத்தும். இதுதான் காரணம்.

அந்த ஆவியின் கதையைச் சற்றே கேளுங்கள். ஊர்வசி என்பாள் ஆடலும் அழகும் காட்டி அரசனை மயக்கி, அவனை ஒழித்துவிட்டு அரியணை ஏறுகிறாள். அஞ்சலி தேவி ஏற்ற வேடம் அது. மாண்டான் என்று அவள் நம்பிய மன்னன் ஆவியாகத் தோன்றி அவளை அலைக்கழிக்கிறான். மாளிகை நடுங்குகிறது, மகுடம் தரித்தவள் நடுங்குகிறாள், கொட்டகையிலிருப்போரும் நடுங்குகின்றனர். முடிவில் தெரியவருகிறது, மன்னன் மாளவே இல்லை என்பது! யோகி வேடத்தில் நாட்டில் நடமாடியவனும் அவனே. ஆவி வேடத்தில் அரண்மனையில் நடமாடியவனும் அவனே. செருகளத்தூர் சாமாவின் அரிதாரமும் வெண்துகிலுமே அந்தப் பேய்.

அதாவது தோழர்களே, பேய்ப்படம் என்று முத்திரை குத்தப்பட்ட அந்தப் படத்தில் பேயே கிடையாது! குற்றமுள்ள நெஞ்சுக்கு மனிதன் காட்டிய மாயத்தோற்றம்தான் பேய் என்று சொன்ன படம் அது. அதைத்தான், "பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவனே, வெளியே நில்!" என்று காவற்காரன் கையில் கோல் கொடுத்துக் காக்கச் சொன்னார்கள். பேய் உண்டு, பில்லி உண்டு, அதை ஓட்டப் பூசாரியும் உண்டு என்று கடைசிக் காட்சிவரை சத்தியம் செய்யும் படங்களோ, இன்று பெற்றோர் துணையோடு பிள்ளைகள் காணலாம் என்ற சான்றுடன் பள்ளி விடுமுறையில் பவனி வருகின்றன.

இந்த முரணைக் கண்டு நகைத்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், வயதை அளக்கும் கோல் எதை அளக்கிறது என்ற கேள்வி நகைப்போடு தீர்ந்துவிடுவதில்லை.

முதலில் அன்றைய தணிக்கையாளர் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிரியின் வாதத்தில் உள்ள உண்மையை மறைத்து வெல்வது நமக்கு வழக்கமன்று. 'பேய் இல்லை' என்ற செய்தி படத்தின் முடிவில் வருகிறது. அச்சமோ நடுவிலேயே வந்துவிடுகிறது. ஐந்து வயதுக் குழந்தை முடிவுவரை காத்திருந்து கணக்குத் தீர்த்துக்கொள்ளுமா? கொள்ளாது. இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் ஜோன் கேண்டர் என்ற அம்மையார், திரையும் தொலைக்காட்சியும் குழந்தைகளுக்கு ஊட்டும் அச்சத்தைப் பல ஆண்டுகள் ஆய்ந்தவர். நல்லவன் ஒருவன் சினம் வந்ததும் பச்சைநிறப் பேருருவாக மாறும் 'ஹல்க்' தொடரைக் கண்டு மிகச் சிறு குழந்தைகள் கலங்கினர். அவன் நல்லவன் என்பதோ, பிறரைக் காப்பாற்றவே மாறுகிறான் என்பதோ அவர்களுக்கு ஆறுதல் தரவில்லை. உருவம் கொடியது, ஆகவே அவன் கொடியவன். இதுதான் அந்த வயதின் தருக்கம்.

மற்றோர் ஆய்வு நம் வழக்குக்கு இன்னும் நெருங்கியது. 1984 இல் வெளிவந்தது. 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் வரும் சூனியக்காரியின் காட்சியைக் குழந்தைகளுக்குக் காட்டினர். "அவள் சூனியக்காரி அல்லள், நம்மைப் போன்ற ஒரு பெண்தான் வேடமிட்டிருக்கிறாள், இதை நினைவில் வைத்துக்கொள்" என்று முன்னதாகவே சிலருக்குச் சொல்லி வைத்தனர். ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் கைகொடுத்தது, அச்சம் குறைந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கோ அது பயன்படவில்லை.

'மர்மயோகி'யின் வழக்கு இங்கேதான் தெளிவடைகிறது. ஐந்து வயதுக்கு அந்த ஆவி வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். பத்து வயதுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைத்திருக்குமா? பேயின் முகத்திரையைக் கிழித்து உள்ளிருக்கும் மனிதனைக் காட்டும் காட்சி, பத்து வயதுப் பையனுக்குப் பள்ளி ஆசிரியர் பத்து நாள் நடத்தும் பாடத்துக்குச் சமம். ஆனால், சட்டத்தின் பையில் அன்று இரண்டே முத்திரைகள்தாம் இருந்தன. 1949 ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 'யு' ஒன்று, 'ஏ' மற்றொன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் பதினேழு வயதுக் காளையும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே உயரம்! 1952 ஆம் ஆண்டுச் சட்டமும் அதே இரண்டைத்தான் வைத்துக்கொண்டது. இடைப்பட்ட 'யு-ஏ' வருவதற்கு 1983 வரை காத்திருக்க நேர்ந்தது.

தரம் பிரிப்பதே தவறென்று வாதிடுவோரும் உண்டு. கே. ஏ. அப்பாஸ் தம் குறும்படத்துக்காக உச்சநீதிமன்றம்வரை சென்று போராடினார். 1970 இல் வந்த தீர்ப்பு, முன்தணிக்கையும் வயதுப் பிரிவும் செல்லும் என்றது. மற்றக் கலைகளைக் காட்டிலும் திரைப்படம் உணர்ச்சியை ஆழமாகக் கிளறவல்லது என்பது அத்தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. அது சரியா தவறா என்பது வேறு கட்டுரைக்குரியது. உணர்ச்சியைக் கிளறும் கலை என்று ஒப்புக்கொண்டபின், எந்த உணர்ச்சி, யாரிடம், எதற்காக என்று கேளாமல் விடுவது எப்படி? அதுதான் எனது வியப்பு.

பிற நாட்டார் இந்தக் கோலை எப்படிப் பிடித்தனர் என்பதையும் பார்ப்போம். 'பிராங்கென்ஸ்டைன்' படம் 1931 இல் வந்தது. பிணத்துண்டுகளைத் தைத்து உயிரூட்டும் கதை. பிரிட்டனில் அதற்குத் தரப்பட்டது 'ஏ'. அந்நாட்டு 'ஏ' நம் நாட்டு 'ஏ' அன்று. பெற்றோர் கைபிடித்து வரும் பிள்ளையை அது தடுக்காது. கூச்சல் கிளம்பியது. 1932 இல் 'ஹாரர்' என்ற சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு 'ஹெச்' என்ற எச்சரிக்கைக் குறி பிறந்தது. 1937 இல் அது முறையான பிரிவாகிப் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டோரைத் தடுத்தது. 1951 இல் — அதே 1951! — அதன் இடத்தில் 'எக்ஸ்' வந்தமர்ந்தது.

அதன்பின் நடந்ததே வேடிக்கை. தடையெழுத்து விற்பனையெழுத்தாயிற்று! 1953 இல் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற 'குவாட்டர்மாஸ்' கதையை ஹாமர் நிறுவனத்தார் 1955 இல் படமாக்கினர். 'எக்ஸ்பெரிமெண்ட்' என்ற சொல்லின் தலையிலிருந்த எழுத்தை வெட்டியெறிந்து, 'எக்ஸ்' என்ற எழுத்தே பளிச்செனத் தெரியுமாறு படத்தின் பெயரையே மாற்றிச் சுவரொட்டி ஒட்டினர். "உள்ளே வராதே" என்று அரசு எழுதிய பலகையை, "உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா?" என்று திருப்பி மாட்டிவிட்டனர். வணிகன் சட்டத்துக்கு அடங்குவதில்லை. அதையும் சரக்காக்கி விற்றுவிடுகிறான். முத்திரை குத்திவிட்டோம், கடமை முடிந்தது என்று கைகழுவும் தணிக்கையாளர் இந்த ஒரு சுவரொட்டியை மட்டும் தம் அறையில் மாட்டி வைத்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவில் கதை வேறு, துயரம் மிக்கது. அங்கே நெடுங்காலம் வயதுப் பிரிவே கிடையாது. எல்லாப் படமும் எல்லார்க்கும் ஏற்றதாக இருக்க வேண்டுமென்று ஓர் ஒழுக்க நெறி எழுதி வைத்திருந்தனர். சனிக்கிழமை பிற்பகலில் பிள்ளைகளைக் கொட்டகையில் இறக்கிவிட்டுப் பெற்றோர் கடைகண்ணிக்குச் செல்வது வழக்கம். அங்கே காட்டப்படுவது பெரும்பாலும் பேய்ப்படம். அட்டைப் பூதம், இரப்பர் முதலை, கடைசியில் காதலனும் காதலியும் தப்பிப்பர். பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்ந்து திரும்புவர். 1968 அக்டோபரில் ஜார்ஜ் ரொமீரோ எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' வெளிவந்தது. புதிய வயதுப் பிரிவுமுறை நடைமுறைக்கு வந்தது நவம்பர் முதல் நாள். ஒரு மாத இடைவெளி! அந்த இடைவெளியில் புகுந்த படம், முத்திரை ஏதுமின்றி அந்தச் சனிக்கிழமைப் பிள்ளைகளின் முன் ஓடியது.

1969 சனவரியில் சிகாகோ நாளேட்டில் ரோஜர் ஈபர்ட் என்ற திறனாய்வாளர், அப்படியொரு பிற்பகற் காட்சியில் தாம் கண்டதை எழுதினார். தொடக்கத்தில் பிள்ளைகள் வழக்கம்போல் வீறிட்டுச் சிரித்தனர். போகப்போகச் சிரிப்பு அடங்கியது. திரையில் பிணங்கள் மனிதரைத் தின்றன. பெற்ற மகளே தாயைக் கொன்றாள். கடைசியில் கதைத்தலைவனையும் சுட்டுக் கொன்றுவிட்டனர். அரங்கில் அமைதி. ஒன்பது வயதிருக்கக்கூடிய ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். விளக்குப் போட்ட பிறகும் அந்த அரங்கில் கலகலப்பில்லை.

படத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அது நல்ல படம். பாதிரியார் சிலுவை காட்டி விரட்டும் பேய் அதில் இல்லை. மந்திரம் இல்லை, மாயம் இல்லை. ஆபத்து வந்த வேளையில் ஒன்றுகூடத் தெரியாத மனிதர்களின் மடமையே அதில் கொடிய பூதம். 1999 இல் அந்நாட்டார் அதைப் பாதுகாக்கப்பட வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்துப் போற்றினர். குறை வேறிடத்தில். வளர்ந்தவர்க்கு எடுத்த படத்தை வளராதவர் முன் ஓட்டினார் கொட்டகைக்காரர். பேய்ப்படம் என்றால் பிள்ளைகளின் தின்பண்டம் என்று எண்ணிக்கொண்டனர் பெற்றோர். படம் யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தச் சிறுமியின் கண்ணீர்தான் அக்கேள்வியைக் கேட்டது.

அதற்குப் பிறகும் அங்கே எழுத்து விளையாட்டு ஓய்ந்தபாடில்லை. 1982 இல் 'போல்டர்கைஸ்ட்' படத்துக்கு முதலில் கடுமையான 'ஆர்' விதித்து, மேல்முறையீட்டில் பெற்றோர் அறிவுரைப் பிரிவுக்கு இறக்கினர். 1984 இல் இரண்டு படங்கள் பிள்ளைகளைக் கலக்கியதாகப் பெற்றோர் முறையிட்டபின், 'பி.ஜி.-13' என்று நடுவில் ஒரு படி கட்டினர். பாதுகாப்புக்குக் கட்டிய படி, விரைவிலேயே வணிகனின் முகவரியாயிற்று! பதின்மூன்று முதல் பதினாறு வரையிலான பிள்ளைகள் நண்பர் கூட்டத்தோடு வந்து சீட்டு வாங்குபவர்கள். அவர்களை வாயிலில் நிறுத்தும் 'ஆர்' நமக்கு வேண்டாம். குருதியைக் குறை, கெட்ட சொல்லை நீக்கு, அச்சத்தை மட்டும் அப்படியே வை — இதுவே சூத்திரம். 2002 இல் ஜப்பானியப் படத்தைத் தழுவி வந்த 'தி ரிங்' அந்தச் சூத்திரத்தின் வெற்றிச் சின்னம். எழுத்து முதலில், கதை பிறகு!

2013 இல் வந்த 'காஞ்சூரிங்' இந்தக் கணக்கைச் சற்றே குழப்பியது. குருதி மிகுதியாக இல்லை, ஆடை குறையவில்லை, வசைமொழி பெரிதாக இல்லை. ஆயினும் 'ஆர்' விதித்தனர். அச்சமே அளவு மீறியது என்பது காரணம். கத்தியைக் காட்டாமலே கலக்க முடியும் என்பதை அளவுகோல் வைத்திருந்தவர்கள் அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள் போலும். ஆனால், அந்தப் படத்தின் விளம்பரத்தில் எந்தக் குழுவும் தொடாத ஒரு வரி இருந்தது. 'உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது!' பேயோட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு தம்பதியின் கூற்று, திரையில் வரலாறாகி நின்றது. எனக்கு அச்சம் தருவது கதவு தானே சாத்திக்கொள்ளும் காட்சியன்று, இந்த வரிதான்.

ஏன் என்பதற்குச் சான்று தருகிறேன். 1992 அக்டோபர் 31 இரவு பி.பி.சி. தொலைக்காட்சி 'கோஸ்ட்வாட்ச்' என்றொரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பேய் உலவும் வீட்டிலிருந்து நேரடி ஒளிபரப்பு என்ற பாவனை. உண்மையில் முன்பே படமாக்கப்பட்ட நாடகம். இரவு 9 மணிக்குப் பின் காட்டினர். சிறுவர் உறங்கும் நேரம் என்பது அந்நாட்டு விதி. ஆகவே விதிப்படி குற்றமில்லை. ஆனால், அதில் தோன்றியவர்கள் யார்? மக்கள் நன்கறிந்த பேட்டியாளர் மைக்கேல் பார்க்கின்சன். குழந்தைகள் நிகழ்ச்சியின்வழி வீட்டுக்கு வீடு அறிமுகமான சாரா கிரீன் அம்மையார். தங்களுக்குத் தெரிந்த அக்கா அந்த வீட்டில் பேயிடம் சிக்குவதைப் பிள்ளைகள் பார்த்தனர். 1994 இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், அந்நிகழ்ச்சியால் மனம் அதிர்ந்து சிகிச்சைக்கு வந்த பத்து வயதுச் சிறுவர் இருவரைப் பற்றி மருத்துவர்கள் எழுதினர்.

குருதியில்லை, வெட்டுமில்லை. பொய், மெய்யின் உடுப்பை அணிந்து வந்தது, அவ்வளவே! பிள்ளைக்கு அச்சம் பிறப்பது படம் கொடிது என்பதால் மட்டுமன்று, படம் சொல்வது உண்மை என்று நம்பகமான முகமொன்று உறுதி கூறுவதாலும்தான். மணிக்கணக்குப் பார்த்து வகுத்த விதி இதை அளக்கவில்லை. கேண்டர் அம்மையாரும் மற்றொருவரும் 1999 இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவரைக் கேட்டபோது பத்தில் ஒன்பது பேர் இளமையில் ஏதோவொரு காட்சி தம்மை நெடுநாள் கலக்கியதென்றனர். கால்வாசிப் பேருக்கு அதன் எச்சம் அப்பொழுதும் இருந்தது. "சின்ன வயதில் பயந்தான், பிறகு மறந்துவிடுவான்" என்று தட்டிக்கழிப்போர் இதைக் கருத வேண்டும்.

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம்.

'அரசியார் அஞ்சினார், ஆவி மனிதனே' என்ற மரபு தமிழில் அற்றுவிடவில்லை. 2005 இல் வந்த 'சந்திரமுகி' அந்த மரபின் பேரப்பிள்ளை. மலையாளத்தில் 1993 இல் வந்த 'மணிச்சித்திரத்தாழ்' அதன் தாய். பூட்டிய அறையில் இருப்பது ஆடற்பெண்ணின் ஆவியன்று, வீட்டுப் பெண்ணின் மனத்தில் எழுந்த நோய் என்று மருத்துவர் எடுத்துரைக்கிறார். நன்று! ஆயினும், அந்த விளக்கத்துக்குப் பக்கத்திலேயே மந்திரமறிந்த பெரியவரையும் மரியாதையோடு அமர்த்திவிட்டார்கள். இரு தரப்புக்கும் சீட்டு விற்க வேண்டுமே! பிள்ளைகள் மருத்துவரின் விளக்கத்தை மறந்தனர். 'லகலகலக' என்பதைத் தெருவெங்கும் பாடித் திரிந்தனர். விளக்கம் மெல்லிய குரலிலும், பேய் உரத்த குரலிலும் பேசினால் எது காதில் நிற்கும்?

அதன்பின் வந்த வரிசைதான் இன்று ஆட்சி புரிவது. 2007 இல் 'முனி', 2011 இல் 'காஞ்சனா', 2014 இல் 'அரண்மனை'. இவற்றின் பின்னே இரண்டும் மூன்றும் நான்குமாக வாரிசுகள். இவை யாருக்காக எடுக்கப்பட்டவை? தணிக்கைச் சான்றைப் பார்க்க வேண்டா, நாட்காட்டியைப் பாருங்கள். 'காஞ்சனா' வரிசையின் அடுத்த படம் 2015 ஏப்ரல் 17. அதற்கடுத்தது 2019 ஏப்ரல் 19. 'அரண்மனை'யின் நான்காம் பாகம் 2024 மே 3. எல்லாம் தேர்வு முடிந்து பள்ளி பூட்டும் பருவம்! சுவரொட்டியைப் பாருங்கள், சிரிப்பு நடிகர் நால்வர், நடுவில் பேய். பாட்டைக் கேளுங்கள், பிள்ளைகள் ஆடுவதற்கென்றே அமைத்த தாளம். பேயைக் கண்டு அம்மாவின் இடுப்பில் தாவி ஏறும் கதைத்தலைவனைப் பாருங்கள். அவன் வயதில்தான் பெரியவன், அச்சத்தில் அரங்கிலுள்ள எட்டு வயதுப் பையன். அந்தப் பையன் தன்னைத்தானே திரையில் கண்டு சிரிக்கிறான். வணிகன் தன் வாடிக்கையாளனை வைத்த குறி தவறாமல் அறிந்திருக்கிறான். அறியாதது போலிருப்பது சான்றிதழ் மட்டுமே.

'காஞ்சனா'வுக்கு ஒரு புகழ்ச்சியும் கடன்பட்டிருக்கிறோம். தெருவில் எள்ளி நகைக்கப்பட்ட திருநங்கை ஒருத்தியை, கருணையுள்ள மனிதப் பிறவியாகக் காட்டியது அப்படம். சரத்குமார் ஏற்ற அந்த வேடத்தைக் கண்டு கண்கலங்காதவர் குறைவு. நகைச்சுவையென்ற பெயரால் அத்தகையோரை அவமதித்த பழைய படங்களுக்குக் கழுவாய் தேடியது போலிருந்தது. ஆனால், நிலம் பறித்துக் கொன்றவர்களைத் தண்டிக்கச் சட்டம் வரவில்லை, ஊர் வரவில்லை. செத்தவளே பேயாகி வந்து ஓர் இளைஞன் உடலில் ஏற வேண்டியிருந்தது! உயிரோடிருந்தபோது கிடைக்காத நீதி பேயானபின் கிடைக்கும் என்று ஒடுக்கப்பட்டவளுக்கு ஆறுதல் கூறுவது எவ்வகை ஆறுதல்? நல்ல நெஞ்சு படைத்த படமே இப்படி வழுக்குகிறதென்றால், நெஞ்சே இல்லாத போலிகளைப் பற்றிக் கேட்பானேன்!

இவ்வகைப் படங்களின் இறுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மன் சிலை ஆடும்; உடுக்கை ஒலிக்கும்; வேப்பிலையும் திருநீறும் பறக்கும்; பேய் அடங்கும். சிரித்துக் களைத்த பிள்ளையின் மனத்தில் கடைசியாகப் பதிவது இதுவே. குருதியை அளந்து, ஆடையை அளந்து, வசைச்சொல்லை எண்ணிக் கழித்துவிட்டு, "குடும்பத்தோடு காணலாம்" என்று வழியனுப்புகிறது அளவுகோல். அந்தப் பூசாரியை எந்தத் தராசில் நிறுத்தினார்கள்?

தொலைக்காட்சிக்கு விதியில்லையா என்பீர்கள். உண்டு! 1994 ஆம் ஆண்டுக் கேபிள் தொலைக்காட்சி விதிகளில், மூடநம்பிக்கையையோ குருட்டு நம்பிக்கையையோ ஊக்குவிக்கும் நிகழ்ச்சியை ஒளிபரப்பலாகாது என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் கை வாழ்க! அந்த விதியை ஏட்டில் வைத்துக்கொண்டே மாலை வேளைத் தொடர்களில் நாகம் பெண்ணாகிறது, எலுமிச்சம்பழம் உருள்கிறது, செய்வினை வைத்தவள் சிரிக்கிறாள்.

"அப்படியானால் பேய்ப்படங்களைத் தடை செய்க என்கிறாயா?" என்று கேட்கும் தோழருக்கு: இல்லை, ஒருகாலும் இல்லை. கத்தரிக்கோலின் கூர்மை நமக்குத் தெரியாததன்று. 1954 இல் சென்னை அரசு நாடகத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது அது குறிவைத்தது எம். ஆர். இராதாவின் நாடகங்களை. மூடநம்பிக்கையை வெட்ட என்று நாம் தீட்டித் தரும் கத்தி, நாளை பகுத்தறிவின் கழுத்துக்கே திரும்பும். பிடி நம் கையில் இராது. வளர்ந்தவர் பேய்ப்படம் பார்த்து நடுங்கி மகிழ்வது அவர் உரிமை. நானும் நடுங்கி மகிழ்பவன்தான். இருட்டில் உட்கார்ந்து பயப்படுவதில் ஓர் இன்பம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன்.

வேண்டுவது தடையன்று, தகவல். 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய 'யு-ஏ'வை மூன்று படிகளாக்கிற்று: ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல். 1951 இல் இல்லாத ஏணி இது, வரவேற்கிறேன். 'மர்மயோகி' இன்று வருமாயின் முதற்படியில் நிற்கத் தக்கது என்பது என் கருத்து. ஆனால், அந்தப் படிகள் பெற்றோர்க்கு அறிவுரை மட்டுமே. பெற்றோரையோ காப்பாளரையோ தவிர வேறெவரும் அதைக் கட்டாயப்படுத்த இயலாது என்பதும் சட்டமே. இரவுக் காட்சிக்குக் கைக்குழந்தையோடு வருபவரைக் கொட்டகைக்காரர் தடுக்கமாட்டார். பொறுப்பு முழுதும் பெற்றோர் தலையில். பொறுப்பைத் தலையில் ஏற்றியவர்கள் கையில் விளக்கையும் கொடுக்க வேண்டாவா? வெறும் எண் எதைச் சொல்லும்? 'இப்படத்தில் அச்சுறுத்தும் காட்சிகள் உண்டு; பேய் உண்மையென்றும் மந்திரத்தால் அகலுமென்றும் கதை கூறுகிறது' என்று இரண்டு வரி சீட்டு விற்குமிடத்தில் எழுதி வைத்தால், தந்தை வழியிலேயே மகனிடம் பேசுவதற்கு ஒரு தொடக்கம் கிடைக்கும். ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் அந்தப் பேச்சு பலிக்கும் என்பதைத்தான் மேலே கண்டோம்.

இதை எழுதத் தூண்டியது எட்டு வயதுடைய என் தமக்கை மகன். சென்ற கோடையில் அவனையும் அழைத்துக்கொண்டு குடும்பமே ஒரு பேய்ப்படத்துக்குப் போயிற்று. சான்றிதழில் குறையில்லை, துணைக்குப் பெரியவர் ஐவர் இருந்தோம். கொட்டகையில் அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அன்றிரவு விளக்கை அணைக்க விடவில்லை. "பேயெல்லாம் கிடையாதடா, அந்த அக்கா முகத்தில் மாவு பூசிக்கொண்டு நடித்தார்" என்றேன். "அது தெரியும் மாமா" என்றான் பையன், எரிச்சலோடு. பிறகு சிறிது நேரம் கழித்து, "அந்தச் சாமியார் தட்டில் கற்பூரம் ஏற்றினதும் ஓடிப்போச்சே, அவர் மாதிரி நம்ம ஊரில் யார் இருக்கிறார்?" என்று கேட்டான்.

நான் விடை தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து தமக்கை விடை சொல்லிவிட்டாள். மறுவாரம் அவன் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு இருந்தது. பள்ளி திறந்த நாளில், வகுப்பில் இன்னும் எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து வந்து, பெருமையோடு என்னிடம் கணக்குச் சொன்னான்.